பதினேழாம் திருத்தத்தில் நாய் பிழைத்துக்கொண்டது

வால்திவியாவில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
மழை ஓயாத ஒரு பதிப்பகத்தில்
புத்தகங்களை மின்கோப்பாக்குவது என் வேலை.
காகிதத்தை நான் தொடுவதில்லை,
மதியம் ரொட்டி பொதிந்து வரும் தாளைத் தவிர.

எழுத்தாளர்கள் என்னிடம் வருவது
பல் வைத்தியரிடம் வருவதுபோல்.
ஒருவர் உட்காருவதற்கு முன்பே
"இதில் கையெழுத்து எங்கே போடுவது?" என்றார்.
இன்னொருவர் ராயல்டியில் மட்டும் கண்ணாக இருந்தார்;
அவரோடு எனக்குத் தகராறே வந்ததில்லை.

கவிஞர் பிலிதோர் அம்புவேரோ ஒற்றைக் காலில் நின்றார்.
கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி
எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்:
"பார், நான் நிறுத்திய இடத்தில் நிற்கிறதா?
என் வரி
எவனோ தோளில் இடித்த மாதிரி
தடுக்கிக் கீழே விழு
கிறது."
அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.
காகிதத்திலேயே போட்டுக்கொண்டார்.
இருநூறு பிரதி. நூற்று அறுபது அவர் கட்டிலுக்கடியில்.

ஒடிலியா மான்சில்யா வேறு ரகம்.
சிலோயே தீவிலிருந்து படகும் பேருந்துமாக வந்து,
"திரையில் படிப்பது
கண்ணாடிக்கு வெளியே நின்று பந்தியைப் பார்ப்பது" என்று
ஒரு மணி நேரம் என்னை வறுத்தெடுத்தவர்.
ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவை அவர் அடித்த இடத்தில்
தாள் கிழிந்திருக்கும்.
பிறகு கூரை ஒழுகியது, கடன் ஏறியது,
புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

மூன்றாம் நாள் தொலைபேசி.
"படகு ஏழு மணிக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறேன்.
அது ஏழரை. மாற்ற முடியுமா?"
முடியும் என்றேன். அங்கேதான் வினை.
"எல்லோருடையதிலுமா?"
எல்லோருடையதிலும்.
"வாங்கி, படித்து முடித்தவர்களுடையதிலும்?"
புதுப்பித்தால், ஆமாம்.
மறுமுனையில் சற்று நேரம் மழை மட்டும் கேட்டது.

அதன்பின் வாரம் ஒன்று வந்தது.
ஒரு காற்புள்ளி.
கல்யாண விருந்தில் பரிமாறிய சிப்பியின் வகை.
வில்லனின் பெயரில் ஓரெழுத்து, அது
விவாகரத்தான கணவர் பெயர்போல் ஒலிக்கிறதாம்.
"அச்சடித்தால் என் வாயைத் தைத்துவிடுகிறீர்கள்.
இதில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று
பேட்டி வேறு கொடுத்தார்.

பதினேழாம் திருத்தம் ஆகஸ்டில் வந்தது.
பதினோராம் அத்தியாயத்தில் வலையில் சிக்கி மூழ்கிய நாய்
கரையேறி, உடம்பை உதறி,
ஒரு பத்தி கூடுதலாக வாழ்ந்தது.
நான் காரணம் கேட்கவில்லை.
முந்தைய வாரம்தான் அவர் வீட்டு நாய் செத்திருந்தது என்பது
பின்னால் தெரிந்தது.

அப்புறம் ஒரு கடிதம்.
எரிபெர்தோ ஒயார்ஸோ, சால்மன் பண்ணையில் இரவுக் காவல்:
"அம்மணி, போன குளிர்காலம் மிதவையில் இருந்தபோது
என் கைபேசியில் உங்கள் நாய் செத்தது.
அப்பா போனபோது வராத அழுகை எனக்கு அன்று வந்தது.
நேற்று மறுபடி திறந்தேன். நாய் ஓடுகிறது.
சந்தோஷம்தான்.
ஆனால் நான் எதற்கு அழுதேன் என்று
என் மனைவிக்குக் காட்ட நினைத்திருந்தேன்."

ஒன்பது நாள் ஒடிலியா பேசவில்லை.
பத்தாம் நாள், "பழையபடியே கொன்றுவிடு" என்றார்.
நான் கோப்பைத் திறப்பதற்குள்
மீண்டும் அழைத்தார்: "பொறு."

அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.
இன்று வியாழன்.
'வெளியிடவா?' என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது.
முன்னங்கால் இரண்டும் கரையில், மீதி உடம்பு தண்ணீரில்.
ரொட்டி வந்துவிட்டது. பிரிக்கிறேன்.
தாளில் எண்ணெய் இறங்கியிருக்கிறது,
எந்தத் திருத்தத்துக்கும் போகாத கறை.